கிராஸ் ஆரம்பிச்ச பிறகு பிளெயிண்டை (வாதி தாக்கல் பண்ண வழக்குரையை) திருத்த முடியுமா?

பி.டபிள்யூ.1 (வாதி தரப்பு முதல் சாட்சி, இங்க வாதியேதான்) கூண்டுல நிக்கிறார், கிராஸ் (குறுக்கு விசாரணை) ஓடிட்டிருக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப சாவகாசமா ஒரு கேள்வி போடுவார், "நீங்க கேக்குற சொத்து சர்வே நம்பர் 112/3ன்னு பிளெயிண்ட்ல போட்டிருக்கீங்க, உங்க கிரயப் பத்திரத்துல 112/3ஏன்னு இருக்கே, ரெண்டும் ஒண்ணுன்னு பிளெயிண்ட்ல எங்கயாவது சொல்லியிருக்கீங்களா?" வாதி அவரோட வக்கீலைத் திரும்பிப் பாப்பார், அவர் கேஸ் கட்டைப் புரட்டுவார், "சொல்லவில்லை"ன்னு பதில் டைப் ஆயிடும். அடுத்த வாய்தாவுக்கு ஒரு ஐ.ஏ. (கேஸ் நடுவுல போடுற இடைக்கால மனு) ரெடியா இருக்கும். ஆர்டர் 6 ரூல் 17, அமெண்ட்மெண்ட் (திருத்த) பெட்டிஷன்.

இந்த மாதிரி பெட்டிஷன்ல ஆர்டர் எப்படி வரும்னு கேட்டா கோர்ட் வராண்டால நிக்கிற பாதிப் பேரு "அது ஜட்ஜைப் பொறுத்தது சார்"ன்னுதான் சொல்லுவாங்க. விருப்புரிமைன்னு இருந்தாலே நமக்கு அது மூட் மேட்டர்னு ஒரு நெனப்பு. எனக்கு அப்படித் தோணலை. அலோ ஆன ஆர்டரையும் டிஸ்மிஸ் ஆன ஆர்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா, ஜட்ஜ் கண்ணு போற இடம் கிட்டத்தட்ட ஒரே இடம்தான், அது நீங்க திருத்தக் கேக்குற விஷயம் சரியா தப்பாங்கிறது இல்ல, அது உங்களுக்கு எப்ப தெரியும், தெரிஞ்ச நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் என்ன பண்ணீங்கங்கிறதுதான். நம்ம ஆளுங்க அஃபிடவிட்ல எழுதாம விடுறதும் கரெக்டா அதைத்தான்.

முதல்ல ரூல் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம். 1908 சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 6 ரூல் 17 ரெண்டு துண்டா இருக்கு. முதல் துண்டு ரொம்ப தாராளம், வழக்கோட எந்தக் கட்டத்துலயும் கோர்ட் நியாயமான நிபந்தனை போட்டு பிளீடிங்கை (ரெண்டு தரப்பும் எழுத்துல தாக்கல் பண்ற வாதங்களை) திருத்த விடலாம், ரெண்டு தரப்புக்கும் நடுவுல இருக்குற உண்மையான பிரச்சனையைத் தீர்க்கத் தேவைப்படுற திருத்தத்தை எல்லாம் பண்ணியே ஆகணும்னு சொல்லுது. ரெண்டாவது துண்டு ப்ரொவைசோ (முதல் துண்டுக்கு வரம்பு போடுற நிபந்தனை), ட்ரையல் ஆரம்பிச்ச பிறகு அலோ பண்ணக் கூடாது, தகுந்த அக்கறையோட இருந்தும் இந்த விஷயத்தை முன்னாடியே எழுப்ப முடியாம போச்சுன்னு கோர்ட் ஒரு முடிவுக்கு வந்தாத்தான் அலோ பண்ணலாம்.

இந்த ப்ரொவைசோ வந்த கதை கொஞ்சம் சுவாரஸ்யம். 1999 திருத்தச் சட்டத்துல ரூல் 17-ஐ மொத்தமாவே தூக்கிட்டாங்க, கேஸ் இழுக்குறதுக்கு இதுதான் காரணம்னு சொல்லி. வக்கீல்கள் நாடு முழுக்க எதிர்த்தாங்க, அந்தச் சட்டம் அமலுக்கு வராமலே கிடந்துச்சு, கடைசில 2002-ல இன்னொரு திருத்தம் கொண்டுவந்து ரூலைத் திருப்பிக் கொடுத்தாங்க, ஆனா கூடவே இந்த ப்ரொவைசோவையும் ஒட்டிட்டாங்க. ரெண்டும் சேர்ந்து 1.7.2002-ல அமலுக்கு வந்துச்சு. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது யாருன்னா நம்ம சேலம் வக்கீல் சங்கம், இன்னிக்கும் இந்தியா முழுக்க எந்த கோர்ட்ல சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) திருத்தத்தைப் பத்திப் பேசுனாலும் "சேலம் பார்"னு ஒரு தடவையாவது சொல்லாம முடியாது. 2005 தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் ப்ரொவைசோ செல்லும்னு சொல்லிருச்சு, எந்தக் கட்டத்துலயும் அலோ பண்ணலாம்னு இருந்த முழு விருப்புரிமையை இது ஓரளவு குறைக்குதுன்னும் சொல்லுச்சு. அந்த "ஓரளவு"லதான் அதுக்கப்புறம் வந்த அத்தனை சண்டையும்.

சரி, ட்ரையல் எப்ப ஆரம்பிக்குது? இதுலயே தகராறு. இஷ்யூ (கோர்ட் முடிவு பண்ண வேண்டிய கேள்விகள்) ஃபிரேம் பண்ணி சாட்சிக்குப் போட்டதும் ட்ரையல் ஆரம்பம்னு 2005-ல ஒரு தீர்ப்பு. அடுத்த வருஷமே இன்னொரு பெஞ்ச், இல்ல இந்த ரூலுக்கு அந்த வார்த்தையைக் குறுகின அர்த்தத்துலதான் எடுத்துக்கணும், சாட்சி விசாரணை, டாக்குமெண்ட் தாக்கல், ஆர்க்யுமெண்ட் இதெல்லாம் நடக்குற கட்டம்னு சொல்லுச்சு. 2009-ல வந்த தீர்ப்புல ப்ரூஃப் அஃபிடவிட் (முதல் விசாரணைக்குப் பதிலா சாட்சி எழுத்துல கொடுக்குற வாக்குமூலம்) போட்டாலே ட்ரையல் ஆரம்பிச்சாச்சு, அதுக்கு மேல ப்ரொவைசோ கோர்ட்டோட அதிகாரத்தையே கட்டுப்படுத்துதுன்னு தெளிவா வந்துச்சு. பிராக்டிகலா நான் எடுத்துக்குறது என்னன்னா, திருத்தம் வேணும்னா இஷ்யூ ஃபிரேம் ஆகுறதுக்கு முன்னாடியே பெட்டிஷனைப் போட்டுடணும், ப்ரூஃப் அஃபிடவிட் போட்ட பிறகு போடுற எந்த பெட்டிஷனும் ப்ரொவைசோவைத் தாண்டித்தான் வரணும், அந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டுனா ரெண்டு பக்கத்துக்கும் தீர்ப்பு இருக்கு, சண்டை போட்டுக்கலாம்.

ட்ரையலுக்கு முன்னாடின்னா கோர்ட் எவ்வளவு தாராளமா இருக்கும்ங்கிறதுக்கு 2002-ல தமிழ்நாட்டுலேருந்து போன ஒரு கேஸ் இருக்கு. விவசாய நிலம், 1988-ல வெறும் இன்ஜங்ஷன் (உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு) சூட். கேஸ் நடக்கும்போதே 1989-ல என்னை அந்த இடத்துலேருந்து வெளியேத்திட்டாங்கன்னு சொல்லி, டிக்ளரேஷனும் (சொத்து என்னுதுன்னு கோர்ட் அறிவிப்பு) பொசஷனும் (சுவாதீனம்) வேணும்னு 1999-ல அமெண்ட்மெண்ட் பெட்டிஷன் போடுறார் வாதி. பதினோரு வருஷம் கழிச்சு! கீழ் கோர்ட் டிஸ்மிஸ், ஹைகோர்ட்டும் டிஸ்மிஸ். சுப்ரீம் கோர்ட் அலோ பண்ணுச்சு. அதுல சொன்ன காரணம் முக்கியம், தாமதத்தை சூட் போட்ட தேதிலேருந்து எண்ணிப் பாக்கக் கூடாது, கேஸ் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பாருங்கன்னுச்சு. அந்த கேஸ்ல பதினோரு வருஷம் ஆகியும் ட்ரையல் ஆரம்பிக்கவே இல்ல. (பதினோரு வருஷமா ட்ரையல் ஆரம்பிக்காததைப் பத்தி தனியா ஒரு போஸ்ட் எழுதணும், அது வேற வயித்தெரிச்சல்.) ஆனா ஒரு செக் வெச்சாங்க, சாதாரணமா திருத்தம் அலோ ஆனா அது சூட் போட்ட நாள்லேருந்தே இருந்த மாதிரி கணக்கு, இந்த கேஸ்ல மட்டும் புது பரிகாரத்தை பெட்டிஷன் போட்ட நாள்ல கேட்டதா எடுத்துக்கணும்னு சொல்லிட்டாங்க, அதனால பிரதிவாதியோட லிமிட்டேஷன் (காலக்கெடு தாண்டிருச்சுங்கிற) வாதம் அப்படியே உயிரோட இருக்கும். எனக்கு ரொம்பப் புடிச்ச ஆர்டர் இது, கதவையும் திறந்து விட்டாச்சு, எதிர்த்தரப்பு கையில இருந்ததையும் புடுங்கலை.

இதே இன்ஜங்ஷன் கதை ட்ரையல் ஆரம்பிச்ச பிறகு வந்தா என்ன ஆகும்னு பாருங்க, ஏன்னா நம்ம முன்சீப் கோர்ட்கள்ல அதிகமா வர்ற அமெண்ட்மெண்ட் இதுதான். வாதி வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு சூட் போடுறார், கோர்ட் ஃபீஸ் கம்மி, சீக்கிரம் முடியும்னு ஆசை. பிரதிவாதி ரிட்டன் ஸ்டேட்மெண்ட்ல (எதிர் வழக்குரைல) "சொத்தே உங்களுது இல்ல, எங்க தாத்தா பேர்ல செட்டில்மெண்ட் இருக்கு, அதன்படி நான்தான் ஓனர்"னு எழுதிடுறார். டைட்டிலையே (சொத்து உரிமையையே) இப்படி சீரியஸா மறுத்து மேகம் படிஞ்சாச்சுன்னா வெறும் இன்ஜங்ஷன் பத்தாது, டிக்ளரேஷனும் கேக்கணும்னு 2008-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருக்கு. வாதி தரப்பு ரிட்டன் ஸ்டேட்மெண்ட்டை வாங்கி கட்டுல வெச்சிட்டு அப்படியே ட்ரையலுக்குப் போயிடுது. நாலு வருஷம் கழிச்சு ஆர்க்யுமெண்ட்ல எதிர்த்தரப்பு "டிக்ளரேஷன் கேக்கலை, சூட் மெயிண்டெய்னபிள் இல்ல, நிலைக்காது"ங்குது, அப்பத்தான் முழிப்பு வருது.

இங்க அலோ பண்ணுங்கன்னு கேட்டா ஜட்ஜ் கேக்குறது ஒரே கேள்வி, டைட்டிலை மறுக்குறாங்கன்னு உங்களுக்கு எப்ப தெரியும்? ரிட்டன் ஸ்டேட்மெண்ட் காப்பி வாங்குன தேதி கட்டுலயே இருக்கு. அதுக்கு மேல தகுந்த அக்கறைன்னு என்னத்த சொல்றது? இதுல லிமிட்டேஷனும் சேர்ந்து வரும், டிக்ளரேஷனுக்கு லிமிட்டேஷன் சட்டம் ஆர்ட்டிகிள் 58-ல மூணு வருஷம், உரிமை முதன்முதல்ல எழுந்த நாள்லேருந்து. ரிட்டன் ஸ்டேட்மெண்ட்லதான் முதல் மறுப்புன்னு வெச்சுக்கிட்டா கூட நாலு வருஷம் ஓடிருச்சு. லிமிட்டேஷன் போயிடுச்சுங்கிறது அமெண்ட்மெண்ட்டுக்கு முழுத் தடை இல்ல, அதை ஒரு இஷ்யூவா போட்டு பாத்துக்கலாம்னு 1957-லேருந்தே தீர்ப்புகள் வழி விட்டிருக்கு, ஆனா அலோ பண்றதுக்கு எதிரா தராசுல விழுற பெரிய எடை அது, எதிர்த்தரப்புக்கு ஏற்கெனவே கிடைச்சுட்ட ஒரு பாதுகாப்பைப் புடுங்குற மாதிரி ஆகுதே.

கட்சிக்காரர் பக்கம் இது புரியவே புரியாது. "பத்திரமே எம் பேர்ல இருக்கே சார், பிளெயிண்ட்ல எழுதலேன்னா என்ன, பத்திரத்தை ஜட்ஜ் ஐயா பாக்க மாட்டாரா?" நியாயமான கேள்விதான். ஆனா பிளீடிங்ல இல்லாத விஷயத்துக்கு எவ்வளவு சாட்சியம் கொண்டு வந்தாலும் அதைப் பாக்கக் கூடாதுங்கிறது சிவில் சட்டத்தோட அடிப்படை, எதிராளிக்கு முன்கூட்டியே தெரியாத ஒரு கேஸை வெச்சு அவனைத் தோக்கடிக்கக் கூடாதுல்ல, அதான்.

இப்ப அஃபிடவிட்டுக்கு வருவோம். பத்து பெட்டிஷன் எடுத்தா எட்டுல இதே வரிதான்: "மேற்படி விவரம் கவனக்குறைவால் பிளெயிண்டில் சேர்க்கப்படாமல் விடுபட்டுவிட்டது. இது வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல. இம்மனு அனுமதிக்கப்படாவிட்டால் மனுதாரருக்கு ஈடுசெய்ய இயலாத நஷ்டமும் கஷ்டமும் ஏற்படும். எதிர்மனுதாரருக்கு எவ்வித பாதிப்பும் இல்லை." பழைய ஐ.ஏ.லேருந்து எடுத்து பேரை மட்டும் மாத்துனது. கவுண்டரும் (எதிர்த்தரப்போட பதில் மனுவும்) சளைச்சதில்ல, "மனு சட்டப்படியும் நிகழ்வுகளின்படியும் நிலைக்கத்தக்கதல்ல, வழக்கை இழுத்தடிக்கும் நோக்கத்துடன்..." இப்படி ரெண்டு டெம்ப்ளேட் மோதுனா ஜட்ஜ் என்ன பண்ணுவார், அவர்கிட்டயும் ஒரு டெம்ப்ளேட் இருக்கும்.

அந்த முதல் வரியைக் கவனிச்சீங்களா, "கவனக்குறைவால்". அக்கறையோட இருந்தும் முடியலைன்னு காட்டச் சொல்லுது ப்ரொவைசோ, நாம அஃபிடவிட்ல சத்தியம் பண்ணி அக்கறை இல்லன்னு எழுதிக் கொடுக்குறோம்! எழுத வேண்டியது வேற. எந்தத் தேதில எந்த ஆபீஸ்ல எந்த நகலுக்கு மனு போட்டோம், எப்ப கிடைச்சது, அதைப் பாத்ததும் என்ன தெரிஞ்சது. ரீசர்வேல நம்பர் மாறினது எஃப்.எம்.பி. (புல வரைபடம்) நகல் கைக்கு வந்தப்பதான் தெரிஞ்சதுன்னா அந்த நகல்ல இருக்குற தேதியே உங்களுக்காகப் பேசும். எதிரி கேஸ் நடக்கும்போதே மூணாவது ஆளுக்கு வித்துட்டான்னா வில்லங்கச் சான்று போட்டு எடுத்த தேதி. இடத்தைப் பாக்க கோர்ட் அனுப்புன கமிஷனரோட ரிப்போர்ட்ல புதுசா ஒரு ஆக்கிரமிப்பு தெரிஞ்சதுன்னா ரிப்போர்ட் தாக்கலான தேதி. தேதி இருக்குற அஃபிடவிட்டை டிஸ்மிஸ் பண்றது ஜட்ஜுக்கு கஷ்டம், ஏன்னா ஆர்டர்ல அந்தத் தேதிக்கு பதில் சொல்லியாகணும்.

டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லித் தப்பிக்கிறதும் நடக்காது. 2012-ல சுப்ரீம் கோர்ட்ல ஒண்ணு, ஆந்திராலேருந்து போனது. கிரய ஒப்பந்தத்தை நிறைவேத்தச் சொல்லி சூட், அதுல வாதி "நான் எப்பவும் தயாராவும் விருப்பமாவும் இருந்தேன்"னு பிளீட் பண்ணியாகணும், அப்ப இருந்த ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 16(சி) அப்படி. அந்த வாசகமே பிளெயிண்ட்ல இல்ல. ஆர்க்யுமெண்ட் முடிஞ்சு தீர்ப்புக்கு ஒத்தி வெச்ச பிறகு முழிச்சுக்கிட்டு, டைப் பண்ணும்போது விட்டுப்போச்சுன்னு அமெண்ட்மெண்ட் போட்டாங்க. ஹைகோர்ட் அலோ பண்ணுச்சு, சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிருச்சு. ஒரு எழுத்தோ எண்ணோ மாறினா டைப்பிங் தப்பு, சட்டம் கட்டாயமாக் கேக்குற ஒரு வாதமே முழுசா இல்லாம போறது எப்படி டைப்பிங் தப்பாகும்ங்கிறதுதான் அதோட சாரம். 2018 திருத்தத்துக்கு அப்புறம் 16(சி)ல பிளீட் பண்ணணும்ங்கிற வார்த்தையை எடுத்துட்டாங்க, நிரூபிச்சா போதும், ஆனாலும் எழுதாம விடுற தைரியம் எந்த வக்கீலுக்கும் வராதுன்னு நினைக்கிறேன்.

இதுக்கு நேர் எதிர் மூலையில 2022-ல எல்.ஐ.சி. கேஸ். 1986-ல போட்ட சூட், மாற்றுப் பரிகாரமா கேட்ட நஷ்ட ஈட்டை ஒரு கோடி சொச்சத்துலேருந்து நானூறு கோடிக்கு மேல ஏத்தணும்னு அமெண்ட்மெண்ட், முப்பது வருஷம் தாண்டி. அலோ! பாம்பே ஹைகோர்ட் அலோ பண்ணதை சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. நஷ்ட ஈடு கேட்டதுங்கிற அடிப்படை முதல்லயே பிளெயிண்ட்ல இருக்கு, மாறுறது தொகைதான், கேஸோட தன்மை மாறலை. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டமே 21(5)ல, பிளெயிண்ட்ல நஷ்ட ஈடு கேக்காம விட்டிருந்தா கூட எந்தக் கட்டத்துலயும் சேர்க்க அனுமதிக்கணும்னு சொல்லிருக்கு. அந்தத் தீர்ப்பைத் தூக்கிட்டு வந்து எல்லா கேஸ்லயும் நீட்டுறாங்க, அதுல இருக்குற பாயிண்ட் லிஸ்டை மட்டும் படிச்சிட்டு ஃபேக்ட்ஸைப் படிக்காம.

ரிட்டன் ஸ்டேட்மெண்ட்டைத் திருத்துறதுன்னா கோர்ட் இன்னும் கொஞ்சம் இளகும். வாதி ஒரு கதையை விட்டு இன்னொரு கதைக்குத் தாவ முடியாது, பிரதிவாதி ஒண்ணுக்கொண்ணு முரணான எதிர்வாதம் கூட எடுக்கலாம். ஒரே கண்டிஷன், ஒத்துக்கிட்டதை வாபஸ் வாங்கக் கூடாது. பாகப்பிரிவினை சூட்ல முதல்ல "ஆமா, பூர்வீக சொத்துதான்"னு எழுதிட்டு, அக்கா தங்கச்சிங்களுக்கும் சம பங்கு உண்டுன்னு தெரிஞ்சதும் "இல்ல, அப்பாவோட சுயார்ஜிதம், எனக்கு உயில் எழுதி வெச்சிருக்கார்"னு மாத்தப் பாக்குறது சர்வ சாதாரணம். 1976-லயே சுப்ரீம் கோர்ட் இந்த வேலை ஆகாதுன்னு சொல்லியாச்சு. ஒத்துக்கிட்டதுக்கு விளக்கம் கொடுக்கலாம், எந்த சூழ்நிலைல அப்படி எழுதுனேன்னு சொல்லலாம், அழிக்கத்தான் விடமாட்டாங்க.

என் சொந்த அபிப்ராயம் ஒண்ணு. ட்ரையல் கோர்ட்கள் ரெண்டு விதமா தப்பு பண்ணுது. ஒண்ணு, திருத்தக் கேக்குற விஷயம் உண்மையா பொய்யான்னு பெட்டிஷன்லயே மினி ட்ரையல் நடத்துறது, அதைப் பாக்கக் கூடாதுன்னு 2006-லயே சொல்லிட்டாங்க, அலோ பண்ணிட்டு மெயின் கேஸ்ல பாத்துக்க வேண்டியது. இன்னொண்ணு காஸ்ட் (கட்டச் சொல்ற செலவுத் தொகை). நியாயமான நிபந்தனை போட்டு அலோ பண்ணலாம்னு ரூல்லயே இருக்கும்போது, பேருக்கு ஒரு சின்னத் தொகையை லீகல் சர்வீஸஸுக்குக் கட்டுன்னு போட்டா யாருக்கு என்ன வலி? மறுபடி கிராஸ் பண்ண வேண்டியது எதிராளி, மறுபடி சாட்சியைக் கூட்டிட்டு வந்து லீவு போட்டு உக்கார வேண்டியதும் எதிராளி, காசு மட்டும் வேற எங்கயோ போகுது. அவர் வக்கீல் ஃபீஸை ஈடு கட்டுற அளவுக்கு எதிராளி கைலயே கொடுக்கச் சொல்லி, கட்டுனாத்தான் திருத்தம்னு போட்டா, நிஜமான தேவை இருக்குறவன் கட்டுவான், இழுக்க வந்தவன் ஓடிடுவான். 1884-ல இங்கிலாந்துல நீதிபதி போவென் சொன்னது இன்னிக்கும் நம்ம தீர்ப்புகள்ல வந்துட்டே இருக்கு, கோர்ட் இருக்குறது உரிமையைத் தீர்மானிக்க, கேஸ் நடத்துறதுல பண்ண தப்புக்கு தண்டிக்க இல்லன்னு. சரிதான், ஆனா அந்தத் தப்புக்கு ஆன செலவை எதிராளி தலைல ஏன் கட்டணும்?

காஸ்ட் வாங்குற பக்கம் இருக்குறவங்களுக்கு ஒரு உஷார், நிபந்தனையாப் போட்ட காஸ்ட்டை சத்தமில்லாம வாங்கிக்கிட்டா, ஆர்டரை ஏத்துக்கிட்டீங்கன்னு பின்னாடி வாதம் வரும். மேல போற எண்ணம் இருந்தா ஆட்சேபணையை எழுதிட்டு வாங்குங்க, இல்ல வாங்காதீங்க.

மேல போறதுன்னா அரசியலமைப்புச் சட்டம் 227-ல சி.ஆர்.பி.தான் (ஹைகோர்ட்ல போடுற சீராய்வு மனு), சென்னைக்கோ மதுரை கிளைக்கோ. நம்பர் ஆன உடனே கீழ ட்ரையல் நின்னுடும்னு நினைக்காதீங்க, ஸ்டே வாங்கணும். ஸ்டே கிடைச்சா மட்டும் என்ன, கேஸ் அங்கயே தூங்கும், அலோ ஆனதை எதிர்த்துப் போனவரோட நோக்கமும் சில சமயம் அதுதான்.

அலோ ஆகி வெளிய வந்த சந்தோஷத்துல நிறைய பேர் விடுற ஒண்ணு அதே ஆர்டர் 6-ல ரூல் 18. ஆர்டர்ல தேதி போட்டிருந்தா அதுக்குள்ள, போடலேன்னா 14 நாளுக்குள்ள பிளெயிண்ட்ல திருத்தத்தை ஏத்தணும், தவறுனா டைம் எக்ஸ்டென்ஷனுக்கு இன்னொரு ஐ.ஏ., அதுக்கு ஒரு கவுண்டர், அதுக்கு ரெண்டு வாய்தா. திருத்துறப்ப ப்ரேயரை மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க, பாடில அதுக்கான பாரா, வழக்குக்குக் காரணம் சொல்ற காஸ் ஆஃப் ஆக்‌ஷன் பாரா, வேல்யூவேஷன் பாரா, ஷெட்யூல் எல்லாத்துலயும் கை வைக்கணும், ஐ.ஏ. நம்பரும் ஆர்டர் தேதியும் ஓரத்துல எழுதணும், டிக்ளரேஷன் சேர்த்திருந்தா கூடுதல் கோர்ட் ஃபீஸ் கட்டணும், வேல்யூ அந்த கோர்ட்டோட வரம்பைத் தாண்டுதான்னு பெட்டிஷன் போடுறதுக்கு முன்னாடியே கூட்டிப் பாத்துக்கணும், தாண்டுனா பிளெயிண்ட்டை ரிட்டர்ன் வாங்கிட்டு சப் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். எதிர்த்தரப்புக்கு கூடுதல் ரிட்டன் ஸ்டேட்மெண்ட் போட வாய்தா விழும், தேவைப்பட்டா கூடுதல் இஷ்யூ, அப்புறம் பி.டபிள்யூ.1-ஐ ரீகால் பண்ணணும், அவரு மறுபடி கூண்டுல ஏறணும். இந்தத் தடவை 112/3ஏ பத்தி என்ன சொல்லணும்னு வீட்ல உக்காந்து பத்திரத்தைக் கையில வெச்சு ஒரு தடவை அவர்கிட்ட பேசிடுங்க.